ஈப்பர்க் களத்துக்கு ஓர் ஆற்றுப்படை



பரிசில் பெற்று மீண்டவர் எதிர்ப்பட்டவருக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. வழியின் அருமை, தங்குமிடம், உண்ணும் உணவு, அஞ்சிக் கடக்க வேண்டிய இடம் ஆகிய யாவற்றையும் மலைபடுகடாம் விரித்துரைக்கும். பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகரைச் சுற்றியுள்ள முதல் உலகப்போர்க் களத்தை மிதிவண்டியில் கண்டுவர விழைவோர்க்கும் அத்தகைய ஆற்றுப்படை ஒன்று தேவைப்படுகிறது. அங்குக் கிடைக்கும் பரிசில் பொன்னும் அன்று, பொருளும் அன்று. ஒரே இடுகாட்டில் உறங்கும் இரு கவிஞர்களின் கல்லறைகள்.

பல்லாயிரவர் மாண்ட மண்ணில் விடுமுறையைக் கழிப்பது தகுமோ என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு விடை, செல்லும் முறையில் இருக்கிறது. 1917 ஜூலை 31இல் தொடங்கி நவம்பர் 10 வரை நீண்டது மூன்றாம் ஈப்பர்ப் போர். அப்போரில் பிரித்தானியத் தரப்பு முன்னேறிய தொலைவு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். இருதரப்பிலும் மாண்டோரும் காயமுற்றோரும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குண்டுகள் வயல்களின் வடிகால்களைச் சிதைத்தன. களிமண் நிலத்தில் மழைநீர் தேங்கியது. மனிதரும் குதிரைகளும் சேற்றில் அமிழ்ந்தனர். மூன்று திங்களுக்கும் மேலாக வென்றெடுத்த அத்தொலைவை மிதிவண்டி அரைமணிப் பொழுதில் கடந்துவிடும். மகிழுந்தில் விரைபவர்க்கு அது வெறும் சாலை. தன் காலால் மிதித்துச் செல்பவரோ, ஒவ்வொரு சிறு மேட்டையும் மூச்சில் உணர்வார். அச்சிறு மேடுகளுக்காகவே அத்தனை உயிர்கள் போயின என்பதை அவருக்கு நூல்கள் சொல்ல வேண்டுவதில்லை.

பயணத்துக்கு ஏற்ற காலம் வசந்தமும் கோடையும். மிதிவண்டிப் பாதைகளின் சந்திப்புதோறும் எண்ணிட்ட பலகைகள் உள்ளன. செல்ல வேண்டிய எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டால் வழி தவறாது. மேற்கிலிருந்து வீசும் காற்றையும் எதிர்பாரா மழையையும் மனத்திற்கொண்டு, நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் என வகுத்துக்கொள்ளுதல் நன்று. அஞ்சத்தக்கதும் ஒன்று உண்டு. உழவர்கள் இன்றும் வெடிக்காத குண்டுகளை உழுதெடுத்து வயலோரம் வைக்கின்றனர். படைத்துறையினர் வந்து அகற்றுகின்றனர். துருப்பிடித்த இரும்பு எதனையும் பயணி தொடலாகாது.

முதல் நாள், ஈப்பரிலிருந்து கால்வாய்க் கரையோரமாக வடக்கே செல்ல வேண்டும். சிறிது தொலைவில் எசெக்ஸ் பண்ணை இடுகாடு. 1915 மே திங்களில், அவ்விடத்தில் காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்துவந்த கனடிய மருத்துவர் ஜான் மெக்ரே, நண்பரை இழந்த துயரில் எழுதிய கவிதையே செந்நிறப் பாப்பி மலரைப் போர்நினைவின் அடையாளமாக்கியது.

மேலும் வடக்கே பூசிங்கே சிற்றூர். அங்குள்ள ஆர்ட்டிலரி வுட் இடுகாட்டில்தான் அவ்விருவரும் உறங்குகின்றனர். ஒருவர் அயர்லாந்தின் பிரான்சிஸ் லெட்விஜ். மற்றவர் வேல்ஸ் நாட்டு இடையர் குடியில் வளர்ந்த ஹெத் வின். இருவரும் 1887இல் பிறந்தவர்கள். இருவரும் 1917 ஜூலை 31 அன்றே மாண்டவர்கள். ஊரில் சாலைப்பணி செய்து பிழைத்த லெட்விஜ், களத்திலும் சாலை அமைக்கும் பணியில் இருந்தபோதே குண்டுக்கு இரையானார்.

ஹெத் வின் என்பது தூய அமைதி எனப் பொருள்தரும் புனைபெயர். அவர் வேல்ஸ் மொழிக் கவியரங்கிற்கு அனுப்பிய கவிதையின் தலைப்பு ‘வீரன்’. 1917 செப்டம்பரில் பெர்க்கன்ஹெட் நகரில் கூடிய அவ்வரங்கில், பரிசுக்குரிய கவிஞரை எழுந்து நிற்குமாறு அழைத்தனர். எவரும் எழவில்லை. கவிஞர் ஐந்து வாரங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்ற செய்தி அவையில் அறிவிக்கப்பட்டது. அவர்க்குரிய கவியரியணையைக் கருந்துணியால் போர்த்தினர். அவ்வரியணையைச் செதுக்கியவர், போரினால் ஊரிழந்து பிரித்தானியாவில் அடைக்கலம் புகுந்த பிளாண்டர்ஸ் தச்சர். தச்சரின் மண்ணில் கவிஞர் மாண்டார். கவிஞரின் மொழிக்குத் தச்சர் அரியணை செய்தார்.

அங்கிருந்து கிழக்கே திரும்பினால், 44,000க்கும் மேற்பட்ட செருமானியர் புதைந்த லாங்கமார்க். அதனையும் கண்டே செல்ல வேண்டும். பகைவர்க்கும் தாய்மார் உண்டு. பின்னர் பாசண்டேல் மேட்டருகே டைன் காட். அங்குள்ள ஏறத்தாழ 12,000 கல்லறைகளில் 8,000க்கும் மேற்பட்டவை பெயரறியாதோர்க்கு உரியவை.

மாலையில் ஈப்பருக்கு மீள வேண்டும். காணாமற்போன 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மெனின் வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்திய வீரர்களின் பெயர்களும் நானூறுக்கு மேல் உண்டு. அங்கு இரவு 8 மணிக்கு நாள்தோறும் ஊதுகொம்பு ஒலிக்கும். 1928இல் தோன்றிய அவ்வழக்கத்தை, இரண்டாம் உலகப்போரில் செருமானியர் நகரைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகள் நீங்கலாக, நகரத்தார் காத்துவருகின்றனர்.

மறுநாள் களத்தை விட்டு நாட்டுப்புறம் நோக்கிச் செல்லலாம். போப்பரிங்கேயின் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களும் 156 மீட்டர் உயரக் கெம்மல் குன்றும் கண்ணுக்கு விருந்து. உழவும் அறுவடையும் மீண்டுவந்த மண் அது என்பதையும் பயணி கண்டுணர்தல் வேண்டும்.

களவழி நாற்பதில் பொய்கையார் களத்தைப் பாடினார். பூசிங்கேயில் பாட வேண்டியவர்களே களத்துள் கிடக்கின்றனர். பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வரங்கில் ஒரு கவிஞரின் பெயரை அழைத்தால் அவர் எழுந்து வருகிறார். அது எத்துணைப் பெரும்பேறு என்பதை அந்தக் கரிய அரியணை உணர்த்துகிறது.