காகிதத்தில் 1870, கையில் 1965: ஓர் ஓட்டுரிமையின் 95 ஆண்டுக் கதை

(அரசியல் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோழர்களே, இன்று நான் பேச வந்திருப்பது அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றி. "அது நமக்கு எதுக்குங்க?" என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உரிமையைச் சட்டப் புத்தகத்தில் எழுதுவது ஒரு வேலை. அதைச் சாதாரண மனிதனின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. 95 வருஷம்! அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1787-ஆம் ஆண்டு. பிலடெல்பியா நகரம். மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் 17 வரை, கதவைப் பூட்டிக்கொண்டு, 55 பேர் கலந்துகொண்ட கூட்டம் நடந்தது. கடைசியில் 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் முதல் வார்த்தைகளே "மக்களாகிய நாங்கள்" என்றுதான் தொடங்குகின்றன. ராஜா இல்லை, கடவுள் இல்லை, மக்கள். அன்றைய உலகத்தில் அது பெரிய வார்த்தை. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் யார் அந்த மக்கள்?

உள்ளே போய்ப் பார்த்தால், மக்கள் பிரதிநிதிகள் சபைக்கு எத்தனை உறுப்பினர்கள் என்று கணக்குப் போட, 5 அடிமைகளை 3 பேராக எண்ணிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த அடிமைகளுக்கு ஓட்டு உண்டா? கிடையாது. அவர்களின் தலைகளை எண்ணி, அவர்களை அடிமையாக வைத்திருந்த மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் கொடுத்தார்கள். அதோடு, 'அடிமை' என்ற சொல்லையே அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. "மற்ற நபர்கள்" என்று நாசூக்காக எழுதிவிட்டுப் போனார்கள். எழுதக் கூச்சப்பட்டார்கள், வைத்துக்கொள்ளக் கூச்சப்படவில்லை.

யாருக்கு ஓட்டு என்பதையும் அந்தந்த மாநிலங்களின் முடிவுக்கே விட்டுவிட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் சொத்து வைத்திருந்த வெள்ளை ஆண்கள்தான் வாக்காளர்கள்.

70 ஆண்டுகள் ஓடின. 1857-ல் ட்ரெட் ஸ்காட் என்ற மனிதர் தன் விடுதலைக்காகப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது என்று தலைமை நீதிபதி ரோஜர் டேனி தீர்ப்பு எழுதினார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், அதே அரசியலமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன தீர்ப்பு அது.

அடுத்த நான்கு ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 6 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். போர் முடிந்த பிறகு மூன்று திருத்தங்கள் வந்தன. 1865-ல் பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் பதினான்காவது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களைக் குடிமக்களாக்கியது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்றது. 1870-ல் பதினைந்தாவது திருத்தம்: இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது என எந்தக் காரணத்தாலும் குடிமகனின் ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது.

இந்தப் பதினைந்தாவது திருத்தத்தில் மொத்தமே இரண்டு வாக்கியங்கள்தான். முதல் வாக்கியம் உரிமையைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம், இதை நடைமுறைப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பிறகு வருகிறேன்.

கொஞ்ச காலம் நன்றாகவே நடந்தது. 1870 மார்ச் 31-ல், நியூஜெர்சி மாநிலத்தின் பெர்த் அம்பாய் நகரில் தாமஸ் மண்டி பீட்டர்சன் என்ற கறுப்பினத்தவர் இந்தத் திருத்தத்தின் கீழ் முதல் ஓட்டைப் போட்டார். அதே ஆண்டு மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட் சபைக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார். நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள், சட்டமன்றங்களில் உட்கார்ந்தார்கள்.

1877-ல் அரசியல் பேரம் ஒன்று முடிந்தது. தெற்கு மாநிலங்களில் இந்த ஆட்சிகளுக்குக் காவலாக நின்ற மத்திய அரசின் படை விலகியது. பழைய கை மறுபடியும் ஓங்கியது.

இங்கேதான் கவனிக்கணும் தோழர்களே. பதினைந்தாவது திருத்தத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை. புத்தகத்தில் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி வேலி போட்டார்கள், அவ்வளவுதான்.

என்ன வேலி?

1890-ல் மிசிசிப்பி தன் மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு எழுதியது. ஓட்டுப் போட வேண்டுமானால் 2 டாலர் தலைவரி கட்டணும். அடுத்து, மாநில அரசியலமைப்பின் ஏதாவது ஒரு பிரிவைப் படிக்கணும், இல்லையென்றால் படித்துக் காட்டும்போது புரிந்துகொண்டு பொருள் சொல்லணும். அதில் 285 பிரிவுகள். எந்தப் பிரிவைக் கேட்பது, சொன்ன பதில் சரியா தப்பா என்று முடிவு செய்வது எல்லாம் பதிவு அதிகாரியின் விருப்பம். வெள்ளைக்காரர் வந்தால் ஒரு வரியில் முடியும் பிரிவு. கறுப்பினத்தவர் வந்தால் வக்கீலே தலையைச் சொறியும் பிரிவு. ஆசிரியர்கள்கூட "தேர்ச்சி இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

லூசியானாவில் 1898-ல் இன்னொரு தந்திரம். "1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ உங்களுக்கோ, உங்கள் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டு இருந்ததா? அப்படியென்றால் உங்களுக்குப் படிப்புச் சோதனை வேண்டாம்." அந்தத் தேதிக்கு முன்னால் அங்கே கறுப்பினத்தவருக்கு ஓட்டே இல்லை. யாருக்காக எழுதிய சலுகை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இப்போது ஒரு கணக்கு. லூசியானாவில் 1896-ல் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-ல் எத்தனை பேர்? 1,342 பேர். எட்டே ஆண்டுகளில் நூறு பேர் இருந்த இடத்தில் ஒருவர்.

நீதிமன்றம் என்ன செய்தது? 1898-ல் மிசிசிப்பி வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இந்தச் சட்டத்தின் வாசகத்தில் இனப் பாகுபாடு எதுவும் இல்லையே என்று சொல்லிக் கைவிட்டுவிட்டது. வாசகத்தில் இல்லைதான். வரி, படிப்பு, தாத்தா என்றுதானே எழுதியிருந்தார்கள்!

இன்னொன்றையும் சொல்லணும். தலைவரி வேலி கறுப்பினத்தவரை மட்டும் நிறுத்தவில்லை. 2 டாலர் கட்ட வழியில்லாத ஏழை வெள்ளை விவசாயியையும் சேர்த்தே வெளியே தள்ளியது. அடுத்தவனைத் தடுக்கப் போடுகிற வேலியைப் பார்த்துக் கைதட்டினவன், கொஞ்ச நாளில் தானும் அதே வேலிக்கு வெளியே நின்றான்.

அப்புறம் இந்த வேலியை யார் உடைத்தார்கள்? பெரிய தலைவர்கள் பெயர் நமக்குத் தெரியும். மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியும். ஆனால் அவருக்குப் பின்னால் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். டெக்சாஸில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடும் கட்சி உட்தேர்தலை எதிர்த்து வழக்குப் போட்டவர் லோனி ஸ்மித், ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர். 1944-ல் ஜெயித்தார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒரு பெண்ணின் பெயர். ஃபேனி லூ ஹேமர்.

மிசிசிப்பியில் பிறந்தவர். வீட்டில் 20-வது பிள்ளை. ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். தங்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்ற செய்தியே அவருக்கு 44 வயதில், 1962-ல்தான் தெரியும். யோசிச்சுப் பாருங்க. 1870-ல் எழுதிய உரிமை, 92 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த அம்மாவின் காதுக்கே போய்ச் சேர்ந்தது.

தெரிந்த உடனே கிளம்பிவிட்டார். 1962 ஆகஸ்ட் 31. 18 பேர் ஒரு பழைய பேருந்தில் இந்தியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். சோதனையில் அவரைத் தேர்ச்சி பெறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை மறித்து அபராதம் போட்டது. என்ன குற்றம்? பேருந்தின் மஞ்சள் நிறம் சரியில்லையாம்! வீடு திரும்பினால், பண்ணை முதலாளி வந்து நிற்கிறார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு என்கிறார். 18 ஆண்டுகள் உழைத்த பண்ணை. அன்று இரவே வெளியேறினார்.

1963 ஜனவரியில் மறுபடியும் போய்ச் சோதனையில் தேறினார். ஆனால் ஓட்டுப் போடப் போனபோது, தலைவரி ரசீது இரண்டு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் வினோனா சிறையில் அவரை அடித்த அடியில் உடம்பு கடைசிவரை முழுசாகத் தேறவில்லை. அப்போதும் அந்த அம்மா நிறுத்தவில்லை. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டி நகரில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். தொலைக்காட்சியில் நேரலை. குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூப்பிட்டு கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். பலன் இல்லை. அன்று இரவுச் செய்திகளில் அந்தப் பேச்சை நாடே பார்த்தது.

அடுத்த ஆண்டு செல்மா. 1965 மார்ச் 7. ஓட்டுரிமை கேட்டுப் பாலத்தைக் கடக்க வந்த சுமார் 600 பேரை, மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கியது. முன்வரிசையில் நடந்த 25 வயது இளைஞர் ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. நாடு கொதித்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் அதே ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சட்டத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, பதினைந்தாவது திருத்தத்தின் இரண்டாவது வாக்கியம். 1870-களில் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுத் தூங்கப் போட்ட வாக்கியம். அதை எழுப்பியவர்கள், பேருந்திலும் பாலத்திலும் அடிவாங்கிய அந்த மக்கள்.

எழுத்தறிவுச் சோதனை போனது. அதிகாரி அடாவடி செய்தால் மத்திய அரசே ஆள் அனுப்பிப் பெயர் சேர்த்தது. பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற வேண்டுமானால் முன் அனுமதி வாங்கணும். விளைவு? மிசிசிப்பியில் 1965-ல் கறுப்பின மக்களில் 6.7 சதவீதம் பேர்தான் பதிவாகியிருந்தார்கள். 1967-ல் 59.8 சதவீதம்.

இத்தோடு சுபம் போட்டுவிடலாமா? முடியாது. 2013 ஜூன் 25 அன்று அந்த முன் அனுமதி ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் முடக்கியது. நிலைமை மாறிவிட்டது, பழைய கணக்கை வைத்து மாநிலங்களை இப்போது கட்டுப்படுத்தக் கூடாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நிலைமை மாறியதே அந்தக் காவலால்தான் என்றார்கள் மறுத்து எழுதியவர்கள். அதே நாளில் டெக்சாஸ், தடுத்து வைக்கப்பட்டிருந்த தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப் போவதாக அறிவித்தது. இந்த வாதம் அமெரிக்காவில் இன்றும் ஓயவில்லை.

தோழர்களே, நம் அரசியலமைப்பும் "இந்திய மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது. அதன் வரைவுக் குழுத் தலைவர் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்கு 1946-ல் கடிதம் எழுதியவர். வெள்ளைக்காரன் ஆட்சியில் இங்கேயும் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு கொடுத்தார்கள். நம் அரசியலமைப்பின் 326-வது பிரிவு அத்தனையையும் ஒரே வரியில் தூக்கி எறிந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியணும் என்று கேட்கவில்லை, வரி ரசீது கேட்கவில்லை.

அப்படியிருந்தும் 1951-52 முதல் தேர்தலில் என்ன நடந்தது தெரியுமா? வடமாநிலங்களில் பல பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் அம்மா" என்றே சொன்னார்கள். சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டது. உரிமை புத்தகத்தில் இருந்தது, பெயர் பட்டியலில் இல்லை. அடுத்த தேர்தலுக்குள் வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆகவே, அமெரிக்கக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். உரிமையைப் பறிக்க வருபவன் சட்டத்தைக் கொளுத்திக்கொண்டு வரமாட்டான். ஒரு படிவத்தோடு வருவான், ஒரு ரசீது கேட்பான், ஒரு கடைசித் தேதி சொல்வான். சண்டை பெரும்பாலும் ஒரு மேசைக்கு முன்னால், ஒரு பட்டியலில், ஒரு பெயரைச் சுற்றித்தான் நடக்கும். ஃபேனி லூ ஹேமர் நின்றதும் அப்படி ஒரு மேசைக்கு முன்னால்தான்.

அதனால், வாக்காளர் பட்டியல் வரும்போது உங்கள் பெயரைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, வேலைக்காக இடம் மாறி வந்த குடும்பம், முதல்முறை ஓட்டுப் போடப் போகும் தம்பி தங்கை, இவர்கள் பெயரையும் பாருங்கள். அவர்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்காதீர்கள். முதலில் பெயர் இருக்கட்டும்.