முட்டுக்கட்டை



இராசபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். அங்கே போக ஆற்றைக் கடக்க வேண்டும். மலைமேல் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். என் பத்தாவது வயதில் அவ்வாறு நாங்கள் அக்கரையில் அகப்பட்டுக்கொண்டோம். மரத்துக்கு மரம் கயிறு கட்டினார்கள். எல்லோரும் இறங்கத் துடித்தபோது என் தாத்தா மட்டும், "பொறுங்கள்" என்று தடுத்தார். முடிச்சைப் பார்த்தார், தம் பாரம் முழுவதையும் கயிற்றில் போட்டுத் தொங்கினார், பிறகே எங்களை விட்டார்.

பிற்காலத்தில் நான் மலைகளில் ஓடும் கம்பிவட ஊர்திகளைச் சோதிக்கும் பொறியாளன் ஆனேன். தாத்தா செய்ததைக் கணக்கோடு செய்வதே என் தொழில்.

பனிச்சறுக்கு விளையாடுவோரை மலைமேல் ஏற்றும் நாற்காலி ஊர்தி முதன்முதலில் 1936-இல் அமெரிக்காவின் சன் வேலியில் ஓடிற்று. வாழைக்குலைகளைக் கொக்கியில் மாட்டிக் கப்பலேற்றும் முறையை அறிந்திருந்த ஜேம்ஸ் கர்ரன் என்ற பொறியாளர், கொக்கிக்குப் பதிலாக நாற்காலியை எண்ணிப் பார்த்தார். ஆனால் மனிதன் வாழைக்குலை அல்லனே! ஆகவே நாற்காலியை லாரியின் பக்கத்தில் மாட்டி, எந்த வேகத்தில் ஒருவர் இடறாமல் அமரலாம் என்று முதலில் சோதித்தார்கள்.

நம் பழனியில் 1966-இல் விஞ்ச் என்னும் இழுவை வண்டியும், 2004-இல் ரோப் காரும் வந்தன. பராமரிப்புக்காக ஆண்டுதோறும் ரோப் காரைப் பல நாட்கள் நிறுத்துவார்கள். அடியார்கள் முணுமுணுப்பதுண்டு. ஆனால் புறத்தே பளபளக்கும் வடத்தினுள் ஓர் இழை அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காந்தக் கருவிதான் காட்டிக்கொடுக்கும். அதற்கு ஊர்தி நின்றாக வேண்டும்.

2021 மே 23 அன்று இத்தாலியின் மொத்தரோனே மலையில் இழுவடம் அறுந்தது. அறுந்தால் பெட்டியைப் பற்றி நிறுத்த அவசரத் தடை இருந்தது. அது அடிக்கடி தானே விழுந்து ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று, இரும்புக் கவையிட்டு அதை விழாமல் செய்திருந்தார்கள். பெட்டியில் இருந்த 15 பேரில் 14 பேர் மாண்டனர். ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான்.

ஒரு விழா நாளில், தடைக்கருவி சரியில்லை என்று நான் ஓர் ஊர்தியை நிறுத்தினேன். "முட்டுக்கட்டை போடுகிறீரே!" என்று நிர்வாகி கடிந்துகொண்டார். எனக்குச் சினம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்தான் நினைவுக்கு வந்தது. வடம் பிடிப்போர் ஆயிரவர். சக்கரத்தருகே குனிந்து கட்டை போடுவோர் சிலர். அச்சிலர் இல்லையேல் தேர் நிலை சேருமா?

நாளைய பொறியாளர்களே, வடம் பிடிக்கக் கற்பதோடு, கட்டை போடவும் கற்றுக்கொள்ளுங்கள்.