கடலடியில் ஒரு போர்க்கப்பல்



மூழ்கிய கப்பல் என்றதும் பொற்காசுப் பேழைகளே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் கற்பனையில் இறங்கிக் காணப்போகும் கப்பலில் பொன் இல்லை. இரும்பும் உயிர்களுமே உள்ளன.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகளின் நடுவே, ஸ்காப்பா ஃப்ளோ என்னும் இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. முதல் உலகப் போர் ஓய்ந்தபின் ஜெர்மானியக் கடற்படையின் 74 கப்பல்கள் அங்கே காவலில் வைக்கப்பட்டன. அவை வென்றவர் கைக்குப் போகலாகாது என்று கருதிய தளபதி லுட்விக் ஃபன் ராய்ட்டர், 1919 ஜூன் 21ஆம் நாள் அவற்றை மூழ்கடிக்க ஆணையிட்டார். 52 கப்பல்கள் மூழ்கின. பெரும்பாலானவை பின்னர் மீட்கப்பட்டு இரும்புக்காக உடைக்கப்பட்டன. எஞ்சிய ஏழு பெருங் கப்பல்களுள் ஒன்று 'கோல்ன்'. ஏறக்குறைய 35 மீட்டர் ஆழத்தில் அது ஒருக்களித்துக் கிடக்கிறது.

அங்கு இறங்குவது எளிதன்று. கோடையிலும் நீரின் வெப்பம் 12, 13 பாகை அளவே. நீர் புகாத உடைக்குள் கம்பளி அணிந்து, காற்றடைத்த உருளையை முதுகில் சுமந்து செல்லவேண்டும். அந்த ஆழத்தில் அழுத்தம் நாலரை மடங்கு. காற்றும் அவ்வளவு விரைவாகச் செலவாகும். மூச்சுக் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியில் கரையும். விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழியிட்டு உயிருக்கே உலை வைக்கும். ஆகவே அங்கே நாம் தங்கக்கூடியது சிறிது நேரமே.

அச்சிறிது நேரத்தில் காண்பதோ ஒரு தனி உலகம்! பச்சை மங்கலில் விளக்கை உயர்த்தினால், துருவேறிய தகடெங்கும் வெண்மையும் செம்மஞ்சளுமாக மெல்லுடற் பவளங்கள் மலர்ந்திருக்கின்றன. பருத்த விரல்கள் போன்றிருப்பதால் அந்நாட்டார் இவற்றைப் 'பிணத்தின் விரல்கள்' என்பர். பூக்களோ என மயக்கும் கடற்சாமந்திகள் உணர்கொம்புகளை விரித்து இரை தேடுகின்றன. இடுக்கிலிருந்து நீல நிறச் சிங்கி இறால் எட்டிப் பார்க்கிறது. சேற்றுத் தரையில் பற்றிக்கொள்ள இடமற்ற உயிர்களுக்கு இவ்விரும்பே பாறை. நீரோட்டம் கொணரும் நுண்ணுயிர்களே உணவு.

இக்கப்பல்கள் 2001 முதல் சட்டத்தால் காக்கப்படுகின்றன. காணலாம், எதையும் எடுத்தல் ஆகாது. அதே துறைமுகத்தில், 1939 அக்டோபரில் 800க்கு மேற்பட்டோருடன் மூழ்கிய 'ராயல் ஓக்' கிடக்கிறது. அது போர்க் கல்லறை. பொழுதுபோக்காக அங்கே எவரும் இறங்குவதற்கில்லை.

கோல்னின் தகடுகளும் ஆண்டுதோறும் துருவால் மெலிந்து சரிகின்றன. அழிப்பதற்கென்று செய்த இரும்பு, தான் அழியும் வரையில் உயிர்களைத் தாங்கி நிற்கிறது. வெறுங்கையோடு மேலேறும் நமக்கு இக்காட்சியே போதிய செல்வமன்றோ!