அபிமன்யு விழும் இரவு

பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு சாகிறான். அவனுக்கு வயது பதினாறு. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக் கிராமங்களில் கோடை மாதங்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, இந்தச் சாவு ஓர் இரவு முழுக்கக் கூத்தாக ஆடப்படுகிறது. பகலில் திரௌபதி அம்மன் கோயில் பந்தலில் பாரதப் பிரசங்கம். இரவில் அதே கதை வேஷம் கட்டி வருகிறது. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவு இரவாகத் தொடரும் கதை இது. முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். சிறுவர்களுக்கான மாயக்கதைத் தொடரில், அவர்கள் உயிராக நேசிக்கும் நாயகனைச் சாகடிக்கலாமா என்ற கேள்விக்கு இந்த வட்டாரம் பல தலைமுறைகளாக அந்தப் பந்தலில் பதில் சொல்லி வருகிறது.

அபிமன்யுவை வெறும் போர்வீரனாகப் பிள்ளைகள் அறிவதில்லை. 1957இல் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்தில் கடோற்கசனின் மந்திர விளையாட்டுகளுக்கு நடுவே வத்சலையைக் கைப்பிடிப்பவன் அவன். அந்தப் படம் கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறது. கூத்து முடிப்பதில்லை, மாப்பிள்ளையாக நின்றவனைச் சக்கர வியூகத்துக்குள் அனுப்புகிறது. இது குழந்தைகள் மீதான கொடுமை என்று தோன்றலாம். ஆனால், கூத்து அந்தச் சாவை எப்படிக் கொண்டுவருகிறது என்று பார்க்கவேண்டும்.

முதலாவது, அது யாரையும் ஏமாற்றுவதில்லை. அபிமன்யு தாயின் கருவில் இருந்தபோதே வியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டான், வெளியே வரும் வழியைக் கேட்கவில்லை என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். அவன் ஆடி வரும் ஒவ்வொரு அடியையும் அதைத் தெரிந்துகொண்டேதான் பார்க்கிறார்கள். திடுக்கிட வைப்பது அங்கே நோக்கமே இல்லை. இரண்டாவது, சாவுக்குப் பிறகு அழுவதற்கு நேரம் தரப்படுகிறது. அடித்து வீழ்த்தும் காட்சியைவிடத் தாய் சுபத்திரையின் புலம்பல் நீளமானது. கூட்டத்தில் பெண்கள் கூடவே அழுவார்கள். அழும் பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் குழந்தை அந்தச் சாவைப் பார்க்கிறது. தனியறையில் புத்தகத்தோடு இருக்கும் குழந்தைக்கு இந்தத் துணை கிடையாது. சிறுவர்களுக்காக எழுதுபவர் முதலில் நினைவில் வைக்கவேண்டிய வேறுபாடு இது.

மூன்றாவதுதான் முக்கியமானது. அபிமன்யுவோடு கதை முடிவதில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று தந்தை அர்ச்சுனன் சபதம் செய்கிறான். அபிமன்யுவின் இன்னொரு மனைவி உத்தரையின் வயிற்றில் பரீட்சித்து இருக்கிறான். பாண்டவர்களுக்குப் பிறகு அரசு அவனுக்குத்தான் போகிறது. அந்தப் பரீட்சித்தின் மகன் ஜனமேஜயனுக்குச் சொல்லப்படுவதாகத்தான் மகாபாரதமே அமைந்திருக்கிறது. அதாவது, செத்துப்போன சிறுவனின் பேரன் கேட்கும் கதை அது.

இதே வட்டாரத்தில் சாவு நடந்த வீட்டில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடும் வழக்கமும் உண்டு. மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போர்க்களம் போகும் கர்ணன், திரும்பி வராத கர்ணன், கடைசியில் மகனே என்று வாய்விட்டுக் கதறும் குந்தி: இத்தனையையும் தகப்பனையோ பாட்டனையோ பறிகொடுத்த பிள்ளைகள் விழித்திருந்து பார்க்கிறார்கள். விடிந்ததும் கர்ணனாக ஆடியவர் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீ குடிப்பதையும் பார்க்கிறார்கள். சாவைக் குழந்தையின் கண்ணில் படாமல் வைப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே வேரூன்றவில்லை.

ராணிப்பேட்டை என்ற ஊரே நாயகன் செத்த கதை ஒன்றிலிருந்து பிறந்தது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளவயதிலேயே மாண்டார். அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்த ராணியின் நினைவாக நவாப் பாலாற்றின் வடகரையில் ஏற்படுத்திய ஊர் அது என்பது வட்டார வரலாறு. இன்று அங்கே டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிற்கின்றன. தேசிங்கின் கதைப்பாடலில் சிறுவர்களைக் கட்டிப்போடும் எல்லாமே இருக்கின்றன: யாராலும் அடக்கமுடியாத பாராசாரிக் குதிரை, அதை அடக்கும் பிள்ளை, கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வரும் நண்பன் மகமத்கான். இருவருமே சாகிறார்கள். அவர்கள் பிழைத்திருந்தால் இந்து அரசனும் முஸ்லிம் நண்பனும் கொண்ட நட்பு இத்தனை காலம் பாடப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

எழுதப்பட்ட சிறுவர் கதைகளின் அனுபவம் இத்தனை நேரானதல்ல. 1881இல் இத்தாலியில் கார்லோ கொல்லோடி ஒரு சிறுவர் பத்திரிகையில் பினோக்கியோவைத் தொடராக எழுதி, மரப்பொம்மைச் சிறுவனைத் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை, தொடர் மீண்டும் தொடங்கியது. 1883இல் வந்த புத்தகத்தில் அவன் உயிர் பிழைத்து நிஜச் சிறுவனாகிறான். கானன் டாயில் அலுத்துப்போய் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றார். பத்தாண்டு கழித்து ஹோம்ஸ் உயிரோடுதான் இருந்தார் என்று எழுத வேண்டியதாயிற்று. எழுதுபவரின் சலிப்பு நாயகனின் சாவுக்குக் காரணமாக இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட சாவை வயது வந்த வாசகரே ஏற்பதில்லை.

ஹாரி பாட்டர் தொடர் 1997 முதல் 2007 வரை வந்தது. பத்து வயதில் படிக்கத் தொடங்கிய பிள்ளை இருபது வயதில் முடித்திருக்கும். 2003இல் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ், 2005இல் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் என்று சாவுகள் வரிசையாக வந்தன. 2006 ஆகஸ்டில் நியூயார்க்கில் தொடரை எழுதிய ரௌலிங்கோடு மேடையேற வந்திருந்த எழுத்தாளர்கள் ஸ்டீபன் கிங்கும் ஜான் இர்விங்கும் ஹாரியைக் கொன்றுவிடவேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார்கள். ஹாரி பிழைத்தான், கடைசிப் பாகத்தில் வேறு பலர் செத்தார்கள். அந்தச் சாவுகளில் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹாரியைக் காப்பாற்றிய டாபி செத்தபோது அவன் மந்திரக்கோலைத் தொடாமல் மண்வெட்டியால் தன் கையாலேயே குழி தோண்டுகிறான். படிக்கும் பிள்ளைக்கும் அங்கே அழ இடம் கிடைக்கிறது. லூபினும் டாங்ஸும் செத்ததோ போர் ஓய்ந்த நேரத்தில் கிடத்தப்பட்ட உடல்களாக மட்டுமே தெரிகிறது. கைக்குழந்தையை விட்டுப்போன பெற்றோருக்கு அந்தச் சில வரிகள் போதவே போதாது.

வயதும் கணக்கில் வரவேண்டும். ஐந்து வயதுவரை பல குழந்தைகள் செத்தவர் திரும்பி வருவார் என்றே நம்புகிறார்கள். அவர்களுக்கான கதையில் நாயகனின் சாவு புரியாத பயத்தை மட்டுமே தரும். எட்டு, ஒன்பது வயதுக்குமேல் நிலைமை வேறு. ஈ.பி. ஒயிட்டின் ‘சார்லட்டின் வலை’ 1952இல் அந்த வயதினருக்காகவே வந்தது. அதில் சிலந்தி சார்லட் சாகிறது, அதன் முட்டைகளைப் பன்றி வில்பர் காப்பாற்றி எடுத்து வருகிறது. உத்தரையும் பரீட்சித்தும் போலத்தான் இதுவும்.

தமிழில் நெடுங்காலம் சிறுவர் தொடர்களின் நாயகர்கள் சாகாதவர்களாகவே இருந்தார்கள். அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன் மாதந்தோறும் மரமேறி வேதாளத்தை இறக்கினான். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி எந்த ஆபத்திலிருந்தும் மீண்டார். ஒவ்வொரு இதழிலும் தனிக்கதை என்பதால் அது பொருத்தமாகவும் இருந்தது. இப்போது தமிழ்ச் சிறார் இலக்கியம் கனமான விஷயங்களைத் தயங்காமல் எடுக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசிய யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பல பாகங்களாக நீளும் மாயக்கதைகளை எழுத வருகிறவர்கள் நாயகனைக் கொல்லலாம். ஆனால், அதைக் கடைசி அத்தியாயத்தில் வைப்பது சரியல்ல. பதின்மூன்றாம் நாளில் விழுந்த அபிமன்யுவுக்குப் பிறகு போருக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருக்கின்றன. கூத்துக்கும் இரவுகள் மிச்சமிருக்கின்றன.