மரந்தெரிதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் கந்தருவதத்தையார் இலம்பகம் ஓர் இசைப்போட்டியை நடுவாகக் கொண்டது. போட்டிக்கு வந்த சீவகன்முன் யாழ்கள் ஒவ்வொன்றாகக் கொணர்ந்து வைக்கப்படுகின்றன. அவன் உடனே இசைக்கத் தொடங்குவதில்லை. ஒன்றை நோக்கி, இதன் மரம் நீரில் நின்று இளகியது என்கிறான். இன்னொன்று வாளால் புண்பட்ட மரம். வேறொன்று இடியுண்ட மரம். நரம்பில் மயிர் கலந்திருப்பதையும் முறுக்கவிழ்த்துக் காட்டுகிறான். மரம் பட்ட துன்பம் அதிலிருந்து பிறக்கும் ஓசையிலும் இருந்தே தீரும் என்னும் துணிபு அங்கே காணப்படுகிறது. காப்பியத்தைக் கற்பிப்போர் இப்பகுதியைத் தலைவனின் கலைத்திறனுக்குச் சான்றாகக் காட்டிக் கடந்துவிடுவதே வழக்கம். அதில் ஒரு தச்சனின் கண்ணும் இருப்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

இசைக்குமுன் மரத்தை நோக்கும் அந்தக் கண், கடல்கடந்த கலிபோர்னியாவில் மின்கிதார் ஒன்றைச் செய்வித்துக்கொண்டவரிடமும் செய்தளித்தவரிடமும் எவ்வாறு தொழிற்பட்டது என்பதே இவ்வுரையின் பொருள். செய்வித்தவர் ஜெரி கார்சியா. 1965இல் தோன்றிய கிரேட்ஃபுல் டெட் என்னும் இசைக்குழுவின் கிதார்க் கலைஞர், பாடகர். செய்தவர் டக் இர்வின் என்னும் கைவினைஞர்.

மின்கிதாருக்கு யாழின் பத்தர் போன்ற உட்குடைவு வேண்டுவதில்லை. பெரும்பாலானவை திண்ணிய பலகையால் ஆனவை. எஃகுக் கம்பிகளின் கீழே காந்தமும், அதனைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பியும் கொண்ட 'பிக்கப்' என்னும் உறுப்பு பொருத்தப்பட்டிருக்கும். கம்பி அதிர்ந்தால் செப்புச் சுருளில் மின்னோட்டம் எழும். அதனைப் பெருக்கி, ஒலிபெருக்கியின்வழி ஒலியாக்குவர். எனவே பிக்கப் அறிவது எஃகுக் கம்பியின் அசைவை மட்டுமே. அந்த அசைவை மரம் எவ்வளவு நேரம் நிலைக்கவிடுகிறது, எந்தச் சுரத்தில் விழுங்கிவிடுகிறது என்னும் அளவிலேயே மரத்திற்கு இங்கு இடமுண்டு. ஆறு கம்பிகளும் சேர்ந்து கருவியின் கழுத்தை ஏறத்தாழ 45 கிலோ எடையின் விசையோடு இழுத்துக்கொண்டிருக்கும். கழுத்து நெகிழ்ந்து தானும் உடன் அதிருமாயின், ஏதோ ஓரிடத்தில் சுரம் எழுந்தவுடனே மாய்ந்துபோகும். மேப்பிள் போன்ற உறுதிவாய்ந்த மரத்தைக் கழுத்திற்குத் தேர்வதும், பட்டைப்பட்டையாக அறுத்த பலகைகளை ஒட்டிச் செய்வதும் இதனாலேயே.

உடற்பலகையைப் பற்றிய செய்தி வேறு. இன்ன மரம் இன்குரல் தரும், இன்ன மரம் தெளிவு தரும் என்று விற்பனைப் பட்டியல்கள் விரித்துரைக்கின்றன. இவற்றுள் பெரும்பகுதி மிகைக்கூற்று என்றே கொள்ளவேண்டும். ஃபெண்டர் நிறுவனம் 1950களின் நடுவில் ஆஷ் மரத்தைக் குறைத்து ஆல்டர் மரத்திற்கு மாறியது. ஆஷ் மரத்தின் புரைகளை அடைத்துப் பூச்சிடும் வேலை மிகுதி. ஆல்டருக்கு அவ்வேலை குறைவு. பூச்சுக்கூடத்தின் சிக்கனத்தில் பிறந்த ஒலியே பிற்காலத்தில் செவ்வியல் ஒலியாகப் போற்றப்பட்டது. குயீன் குழுவின் பிரையன் மே இளமையில் தம் தந்தையாரோடு சேர்ந்து 1963 முதல் இரண்டாண்டு உழைத்துச் செய்த கிதாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மேற்சட்டமாக இருந்த மகாகனி மரம். அதிலிருந்த புழுத் துளைகளைத் தீக்குச்சிகொண்டு அடைத்தனர். சீவகன் அதனைத் தொட்டிருக்கவும் மாட்டான். உலக அரங்குகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்து வருவதும் அக்கருவியே.

ஆயின் விலை கொடுத்துச் செய்விப்போர் மரத்தின்மீது ஏன் இத்தனை கருத்துச் செலுத்துகின்றனர்? கார்சியாவின் வரலாறு இவ்வினாவிற்கு ஓரளவு விடை தருகிறது.

1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அலெம்பிக் என்னும் பட்டறை பேர்பெற்றிருந்தது. அங்குப் பணிபுரிந்த இர்வின் செய்த கிதார் ஒன்றைக் கண்ட கார்சியா, 850 டாலர் கொடுத்து வாங்கியதோடு தமக்கென்று ஒன்று செய்துதருமாறும் வேண்டினார். 1973இல் கைக்கு வந்த அக்கருவியின் விலை 1500 டாலர். அதன் நடுப்பலகை 'பர்ப்பிள்ஹார்ட்' என்னும் மரம். அறுத்த புதிதில் மங்கிய பழுப்பாகத் தோன்றி, காற்றும் ஒளியும் பட்டபின் ஊதா நிறங்கொள்ளும் அமெரிக்க வெப்பக்காட்டு மரம் அது. முன்னும் பின்னும் அலைவரி ஓடிய மேப்பிள். கார்சியா அதன்மீது ஓநாய்ப் படம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். மெருகு புதுப்பிக்கக் கருவி பட்டறைக்குத் திரும்பியபோது, ஒட்டுப்படம் இருந்த இடத்தில் அதே ஓநாயை இழைத்துப் பதித்தார் இர்வின். அன்று முதல் அதன் பெயர் 'ஓநாய்'.

அதனைப் பெற்றுக்கொண்ட கையோடு கார்சியா அடுத்த கருவிக்குச் சொல்லிவிட்டார். எதற்கும் தயங்காமல், இர்வினுக்கு எது சிறந்ததென்று தோன்றுகிறதோ அதைச் செய்யவேண்டும் என்பதே அவர் விடுத்த வேண்டுகோள். விழாமலருக்குக் கவிதை கேட்போர் பொருளையும் அடியளவையும் வாழ்த்தவேண்டியவர் பெயரையும்கூடச் சொல்லியனுப்புவதுண்டு என்பதை இவ்வவையிலுள்ள கவிஞர்கள் அறிவார்கள். கார்சியா அவ்வாறு செய்யவில்லை, விரைவுபடுத்தியதாகவும் தெரியவில்லை. ஆறாண்டு கழிந்து 1979இல் 'புலி' வந்தது. விலை 5800 டாலர்.

புலியின் முகப்பும் முதுகும் கோகோபோலோ மரத்தாலானவை. நடுவே மேப்பிளும் 'வெர்மிலியன்' என்னும் செந்நிற மரமும் அடுக்கடுக்காக வைத்து ஒட்டப்பட்டன. விரற்பலகை கருங்காலி. கோகோபோலோ நடு அமெரிக்க மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்திக்கு, ஈட்டி என்று வழங்கும் அதே மரத்திற்கு, ஓரினம். நீரிலிட்டால் மூழ்குமளவு கனமுடையது. எண்ணெய்ப் பசை மிகுந்ததாகையால் பசை எளிதில் பற்றுவதில்லை. இழைக்கும்போது எழும் தூள் தச்சனின் தோலையும் மூச்சையும் வருத்தும். வேறுவேறு மரங்களை ஒட்டும்போது ஒவ்வொன்றும் ஈரத்தால் விரிவதும் உலர்ந்து சுருங்குவதும் வேறுவேறு அளவினவாகும். முற்ற உலராத ஒரு பட்டை போதும், ஆண்டு சில கழிந்தபின் கழுத்தைத் திருக்கிவிடும்.

இந்த அச்சம் பழந்தமிழ் உரையாசிரியருக்கும் இருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் குழல் செய்யும் முறையை விளக்குமிடத்து, ஒத்த நிலத்தில் வளர்ந்த மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, திருகுதலும் பிளத்தலும் இல்லாமை அறிந்து, ஓர் ஆண்டு சென்றபின்னரே கருவி செய்யவேண்டும் என்கிறார். மரத்தின் ஒலியைப் பற்றிய வருணனை அங்கே குறைவு. மரத்தின் காத்திருப்பைப் பற்றிய விதியே மிகுதி. இர்வினின் ஆறாண்டையும் இவ்விதியின் அருகில் வைத்து நோக்கலாம்.

புலியின் எடை ஏறத்தாழ ஆறு கிலோ. வழக்கமான கிதார் மூன்றரை, நான்கு கிலோவிற்குள் அடங்கும். மூன்று மணிநேரம் நிகழும் கச்சேரிகளில் அச்சுமையை ஏறத்தாழப் பத்தாண்டு தோளில் தாங்கினார் கார்சியா. மரத்தைத் தெரிந்தெடுப்பவர் தம் தோளின் சுமையையும் தெரிந்தெடுக்கிறார் என்பதைப் பட்டியல்கள் எழுதுவதில்லை. அடுத்து வந்த 'ரோஸ்பட்' என்னும் கருவியில் இர்வின் உள்ளே குடைந்து எடையை ஒரு கிலோ அளவிற்குக் குறைத்தார்.

இன்று இத்தகைய கருவியைச் செய்விப்போர் சீவகனுக்குத் தோன்றாத ஒரு கேள்வியையும் கேட்டாகவேண்டும்: இம்மரம் எந்தக் காட்டிலிருந்து, எந்த ஆவணத்தோடு வந்தது? பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டது. 2017 சனவரியில் தோதகத்தி இனம் முழுவதும் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. முற்றும் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்களிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தோதகத்தியைக் காக்க 1994இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கிதாரின் விரற்பலகைக்காக உலகெங்கும் நாடப்படும் மரம் இதுவாதலின், இச்செய்தி தொலைவிலுள்ளதன்று.

பழைய மரத்தை மீண்டும் பயன்கொள்வதும் ஒரு வழி. ஃபுளோரிடாவில் படகுகளின் உட்பகுதிக்கு மரவேலை செய்துவந்த ஸ்டீபன் கிரிப் என்பவர், இர்வினின் கருவிகளை நேரிற் காணாமல், படங்களிலும் ஒளிநாடாக்களிலும் பார்த்தே ஒரு கிதார் செய்து 1993இல் கார்சியாவுக்கு அனுப்பினார். அதன் விரற்பலகை, ஆசியாவில் அபினி புகைப்போர் பயன்படுத்திய 19ஆம் நூற்றாண்டுக் கட்டிலொன்றின் ரோஸ்வுட் என்பர். ஒருவரும் கேளாது செய்யப்பட்ட அக்கருவியைக் கார்சியா விரும்பி ஏற்றார். இன்னொன்றும் செய்யச் சொன்னார்.

1995 சூலை 9ஆம் நாள் சிகாகோவில் நிகழ்ந்த கச்சேரியின் நடுவே ரோஸ்பட் பழுதுபட்டது. புலியை எடுத்து நிகழ்ச்சியை முடித்தார் கார்சியா. அதுவே அக்குழுவோடு அவர் இசைத்த இறுதிக் கச்சேரி. ஆகஸ்டு 9ஆம் நாள் மறைந்தார். இர்வின் செய்த கிதார்கள் இர்வினையே சேரவேண்டும் என்று தம் உயிலில் எழுதிவைத்திருந்தார். புரவலர் கலைஞருக்குப் பொன்னும் பொருளும் ஈந்த செய்திகள் தமிழில் மிகப்பல. கருவியையே அதனைச் செய்த கைக்குத் திருப்பிக் கொடுத்த செய்தி அரிது.

கொடை எளிதில் கைசேரவில்லை. கருவிகள் தமக்குரியவை என்று இசைக்குழுவின் தரப்பு வழக்காடியது. 2001இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஓநாயும் புலியும் மட்டும் இர்வினுக்குக் கிடைத்தன. அதற்குள் அவர் வாகன விபத்தில் அடிபட்டு, வறுமையுற்றிருந்தார். கருவிகளை வைத்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. 2002 மே மாதம் நியூயார்க்கில் இரண்டும் ஏலத்திற்கு வந்தன. ஓநாய் 7,89,500 டாலருக்கும், புலி 9,57,500 டாலருக்கும் விலைபோயின.