பெசாவா, மைவியா?

முதல் கார் வாங்கும் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. இரண்டும் பெரோடுவா தயாரிப்புதான். 2016ல் வந்த பெசாவின் உயர்ந்த ரகமும் 2017ல் வந்த மைவியின் தொடக்க ரகமும் விலையில் பக்கத்துப் பக்கம் நிற்பவை.

பெசாவின் பின்பெட்டி 508 லிட்டர், மைவியில் 277தான். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் பெட்டி படுக்கையோடு கிளம்பினால் வித்தியாசம் தெரியும். விற்பனையாளரும் முதலில் அதைத்தான் திறந்து காட்டுவார்.

காற்றுப் பைகளைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும். இந்த மைவியில் குறைந்தது 4, பெசாவில் 2. மோதும் நிலை வந்தால் எச்சரித்து, தானே பிரேக் பிடிக்கும் ஏஎஸ்ஏ வசதியோ, 2020ல் பெசா புதுப்பிக்கப்பட்டபோது 1.3 ஏவி ரகத்துக்கு மட்டுமே கிடைத்தது. 2021ல் மைவியில் ஆக விலை குறைந்த ரகம் தவிர எல்லாவற்றிலும் வந்துவிட்டது. விளம்பரத்தில் ஓடுவது உயர்ந்த ரகம், கீழே போட்டிருப்பது தாழ்ந்த ரகத்தின் விலை!

ஊருக்குப் போவது ஆண்டுக்கு இரண்டு முறை. வேலைக்கு ஓட்டுவது தினமும். அதனால் பெரும்பாலோருக்கு ஏஎஸ்ஏ உள்ள மைவியே பொருத்தம். பாசார் மாலாமில் கடை போடுபவருக்கு மட்டும் பெசா.

முன்பணம் கட்டுமுன் குடும்பத்தையே ஏற்றி, ஏசியைப் போட்டு, மேட்டில் ஓட்டிப் பாருங்கள். 1.0 லிட்டர் பெசா அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கும்.