வாய் அசையுது, பேச்சு வரலை

போன மாசம் ஏற்காடு போயிருந்தேன். சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா, காபித் தோட்டங்களுக்கு நடுவுல எங்க ஆயா வீடு. ஆயான்னா அம்மாவோட அம்மா. வீட்டுல புதுசா ஒரு 32 இன்ச் டிவி வாங்கியிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் ஆயா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "தாத்தா வீடியோவை இதுல பெரிசாப் போட்டுக் காட்டு கண்ணு."

தாத்தா இறந்து எட்டு வருஷம் ஆகுது. அவர் பேசுற வீடியோ எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. 2009-ல மாமாவோட பட்டன் போன்ல எடுத்தது, ஒன்றரை நிமிஷம். சில்வர் ஓக் மரத்துல ஏறின மிளகுக் கொடி பக்கத்துல நின்னு, மிளகை எப்போ பறிக்கணும்னு சொல்லுவார். ஒரு சரத்துல ஒண்ணு ரெண்டு மணி சிவந்ததும் அந்தச் சரத்தையே பறிச்சிடணுமாம். அவ்வளவுதான் வீடியோ.

பென் டிரைவ்ல போட்டு டிவியில சொருகினேன். படம் வந்துச்சு, சத்தம் வரலை. இந்த ஆடியோ வகையை இயக்க முடியாதுன்னு கீழே ஒரு வரி. பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சும் வால்யூமைக் கூட்டிப் பார்த்தேன். ஆயா எழுந்து டிவி கிட்டப் போய் நின்னாங்க. "ஏன் கண்ணு, வாய் அசையுது, பேச்சு வரலையே?"

"பழைய ஃபைல், கெட்டுப்போயிருக்கும்"னார் மாமா. நம்மில் நிறைய பேர் இப்படித்தான் முடிவு பண்ணி, அந்த ஃபைலை அழிச்சும் விடுறோம். ஆனா ஃபைல் கெடலை.

வீடியோ ஃபைலை ஒரு டிபன் கேரியர்னு வெச்சுக்கோங்க. ஒரு அடுக்குல படம், இன்னொண்ணுல ஒலி, சில சமயம் மூணாவதுல சப்டைட்டில். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் கேரியரோட பேர்தான். உள்ளே இருக்குறது எந்த முறையில சுருக்கப்பட்டிருக்குங்கிறதுதான் கோடெக். லேப்டாப்ல இருக்குற விஎல்சி, கிட்டத்தட்ட எல்லா கோடெக்கையும் சாஃப்ட்வேர்லயே பிரிச்சிடும். டிவி பெரும்பாலும் தன்னோட சிப்பை நம்பி இருக்கு. அந்த சிப்புக்குத் தெரிஞ்ச கோடெக் பட்டியல் ஃபேக்டரியிலேயே முடிவாகிடுது. அதனால ஒரு அடுக்கு திறக்கும், இன்னொண்ணு திறக்காது.

தாத்தா வீடியோ ஒரு '3ஜிபி' ஃபைல். அது சைஸ் இல்லைங்க, அந்த வகையோட பேரே அதுதான். படம் எம்பெக்-4, டிவிக்குத் தெரிஞ்சது. ஒலி ஏஎம்ஆர். செல்போன்ல நாம பேசுற குரலைச் சுருக்கி அனுப்ப 1999-ல ஏத்துக்கிட்ட கோடெக் அது. பழைய போன்கள் வீடியோ எடுக்கும்போதும் அதையேதான் பயன்படுத்திச்சு. சிடியில ஒலியை ஒரு செகண்டுக்கு 44,100 தடவை அளப்பாங்க. ஏஎம்ஆர்ல 8,000 தடவைதான். பேச்சுக்கு அது போதும். ஆனா பல டிவி சிப்புகளுக்கு அது தெரியாது.

சரி, என்ன பண்ணலாம்? ஆண்ட்ராய்டு டிவியா இருந்தா விஎல்சி ஆப் போட்டாலே பெரும்பாலும் போதும். ஆயா வீட்டு டிவி அந்த வகை இல்லை. எச்டிஎம்ஐ கேபிள் இருந்தா லேப்டாப்பை நேரா இணைச்சிடலாம். பிரிக்கிற வேலையை லேப்டாப் பார்த்துக்கும், இன்டர்நெட்டும் வேண்டாம். சவுண்ட் அவுட்புட்டை டிவிக்கு மாத்த மட்டும் மறக்காதீங்க. நான் கேபிளை சென்னையிலயே விட்டுட்டு வந்திருந்தேன்.

அதனால எஃப்எஃப்எம்பெக். இலவசம், ஓப்பன் சோர்ஸ். படத்தைத் தொடாம அப்படியே காப்பி பண்ணு, ஒலியை மட்டும் ஏஏசியா மாத்து, ரெண்டையும் எம்பி4 கேரியர்ல வைன்னு ஒரே கமாண்ட். சில செகண்டுல முடிஞ்சது. கமாண்ட் பயமா இருந்தா ஹேண்ட்பிரேக் இருக்கு. அது படத்தையும் சேர்த்து மாத்தும், கொஞ்சம் நேரம் ஆகும். ஃபைல் பேருக்குப் பின்னாடி எம்பி4-ன்னு மாத்தி எழுதினா மட்டும் ஒண்ணும் மாறாது. அது கேரியர்ல வேற லேபிள் ஒட்டுற வேலை.

படம் பார்க்கிறவங்களுக்கும் இதே கதைதான். சத்தம் மட்டும் வரலைன்னா பல நேரம் ஒலி டிடிஎஸ்ஸா இருக்கும். பென் டிரைவ்ல பெரிய ஃபைல் ஏறவே மாட்டேங்குதுன்னா அது ஃபேட்32-ல இருக்கலாம்; அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா தெரிஞ்சா, யுடிஎஃப்-8-ல சேவ் பண்ணிப் பாருங்க.

இன்னைக்கு நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். ஒரு ஃபைல் ஓடலைன்னா அதை அழிக்காதீங்க. ஓட வைக்கிற பெட்டி மாறிட்டே இருக்கும். இப்போ ஓடுற வகையில ஒரு நகல் எடுங்க, ஒரிஜினலையும் வெச்சுக்கோங்க. உங்க வீட்டுப் பழைய மெமரி கார்டுல யார் குரல் இருக்குன்னு இந்த வாரம் ஒரு தடவை பாருங்க.

திரும்ப பென் டிரைவைச் சொருகினேன். 32 இன்ச்ல தாத்தா முகம் கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சது. ஆனா குரல் வந்துச்சு. மிளகுச் சரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, "இது சிவந்திருக்கு பாரு"ன்னார். ஆயா கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "போன்ல பேசுற மாதிரியே இருக்கு கண்ணு."

கோடெக் பத்தி நான் இவ்வளவு நேரம் சொன்னதை ஆயா ஒரே வரியில சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை போடச் சொன்னாங்க, போட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.